ஸ்டெப்னி சாஸ்திரம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். தார்ச்சாலைதான், கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85. ஆனால், சனிக்கிழமை அதில் ஏறும் புதுவண்டிகள் சகாராவைத் தாண்டப் புறப்பட்டவை போலிருக்கும்: வின்ச், கம்ப்ரஸர், மண்வெட்டி, கூரையில் ஜெரிகேன். இந்தச் சாமான்களுக்கு வரக்கூடிய ஒரே ஆபத்து, வளைவில் கழன்று விழுவது.

அதே வழியில் விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிறது பழைய ஜீப். தார் முடிந்து பாறைவழி தொடங்கும் இடத்தில்தான் அதற்கு வேலையே. சீட்டுக்கடியில் ஒரு சாக்கு: ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஃபேன் பெல்ட், சென்டர் போல்ட், கட்டுக்கம்பி, கயிறு. டேங்க் ஒழுகினால் அடைக்க பார் சோப்பு. ஒழுகாவிட்டால் சாயங்காலம் குளிக்க ஆகும்.

சாக்கில் அடங்காத சாமான், பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஆட்கள். சோதனைச்சாவடியில் அவர்கள் ஓவர்லோடு. சேற்றில் சிக்கினால் வின்ச். தள்ளுகூலியும் கேட்கமாட்டார்கள், நேரத்துக்குத் தோட்டம் சேராவிட்டால் போவது அவர்கள் கூலிதானே!

சனிக்கிழமை வண்டிக்கோ டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் போதும். அத்தனை சாமானும் சும்மா கிடக்க, ஓனர் செல்போனுக்கு டவர் தேடிப் பாறை ஏறுவார். கிடைக்காவிட்டால் இறங்கி வந்து, எதிரே வரும் ஏலத்தோட்ட ஜீப்பை மறித்துக் கேட்பார்: "அண்ணே, கயிறு இருக்கா?"