கறிக்கிழங்குச் சுருளின் சத்து: பாஞ்சாலங்குறிச்சி அடுப்பங்கரையிலிருந்து ஓர் ஆய்வு

மெக்சிகோவின் வடக்கே கோதுமை ரொட்டிக்குள் கறியையும் உருளைக்கிழங்கையும் வைத்துச் சுருட்டித் தின்கிறார்கள். பெயர் புரிட்டோ. ஸ்பானிய மொழியில் அதற்குக் 'குட்டிக் கழுதை' என்று பொருள். பாஞ்சாலங்குறிச்சியில் அதே பண்டம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதோறும் பெயரில்லாமலே தின்னப்படுகிறது. மத்தியானக் கறிக்குழம்பின் மிச்சத்தைச் சுண்ட வைத்து, சப்பாத்தியில் உருட்டிக் கையில் கொடுப்பார்கள். பெயரில்லாத பொருளை ஆய்வுலகம் ஏற்காதென்பதால் இக்கட்டுரையில் அது 'கறிக்கிழங்குச் சுருள்' எனப்படும். வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது யாரும் தரவில்லை, சிரித்தார்கள்.

முதலில் வரலாற்றுப் பின்புலம். அது இல்லாமல் இந்த ஊரில் யாரும் எதையும் பேசத் தொடங்குவதில்லை. கட்டபொம்மன் இந்தச் சுருளைத் தின்றிருப்பாரா? கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. மெக்சிகோ மிளகாய் போர்த்துக்கீசியர் கப்பலேறி அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியா வந்துவிட்டது, உறைப்புக்குக் குறைவிருந்திருக்காது. ஆனால் ஜான் சல்லிவன் நீலகிரி மலை ஏறியதே 1819-ல்தான். உதகைக் கிழங்கெல்லாம் அதற்கப்புறம். எனவே கறி உறுதி, வத்தல் உறுதி, கிழங்கு சந்தேகம். இது பற்றி ஊருக்குள் மாற்றுக் கருத்து உண்டு; அவர் தின்னாத பொருள் என்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கரிசல்காட்டுக்காரன் கம்பை விட்டுவிட்டு ரேஷன் கோதுமையைச் சுருட்டுவானேன் என்று கேட்கலாம். சத்தில் கம்பு இளைத்ததல்ல. இரண்டிலும் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய 11 கிராம். இரும்புச்சத்தில் கம்புதான் மேல். குறை வேறு இடத்தில். கம்பிலும் சோளத்திலும் குளூட்டன் கிடையாது. மாவை இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால், கம்பு ரொட்டியைச் சுருட்டினால் சித்திரை மாதத்துக் கரிசல் தரை மாதிரி வெடித்துவிடுகிறது. நான் மூன்று சுட்டுப் பார்த்தேன். மூன்றையும் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டுத்தான் தின்ன முடிந்தது.

ஆய்வுக்கூடம், 1974-ல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டைக்கு நடந்து போகும் தூரத்திலுள்ள எங்கள் அடுப்பங்கரை. கருவி, பலசரக்குக் கடை மச்சானிடம் இரவல் வாங்கிய மின்தராசு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுச்சத்து அட்டவணையும் கையில் இருந்தது. எடுத்தது அரைக் கிலோ வெள்ளாட்டங்கறி. எலும்பு போக 350 கிராம். கிழங்கு அரைக் கிலோ, கடலை எண்ணெய் 50 கிராம், சுருள் பத்து. ஆளுக்கொரு சுருள் என்றால், ஒன்றில் மாவு 40 கிராம், கறி 35, கிழங்கு 50, எண்ணெய் 5. கூட்டினால் சுமார் 250 கலோரி, 12 கிராம் புரதம். வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்கிறது அந்நிறுவனம். நாலு சுருள் தின்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆனால் நாலாவது சுருளுக்குக் கை நீட்டிய ஆணை எங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அட்டவணையில் இல்லை.

கறியும் கோதுமையும் ஒன்றாய்ச் சேர்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோதுமையிலுள்ள இரும்பை உடம்பு லேசில் உறிஞ்சாது. ஃபைட்டேட் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடக் கொஞ்சம் கறி போனால் அந்தப் பிடி தளர்கிறது. பி12 வைட்டமினும் கறியோடுதான் வருகிறது. கிழங்கை மூட்டையாய்த் தின்றாலும் கிடைக்காது.

குழம்பைச் சுண்ட வைப்பது ருசிக்காக என்றே நினைத்திருந்தேன். அது பொறியியல். தண்ணியாக இருந்தால் சுருளின் அடிவாய் வழியே இறங்கி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்துவிடும். இதை 'முழங்கை இழப்பு' எனலாம். பெரியவர்களிடம் இது புறக்கணிக்கத்தக்கது. அக்கா மகனிடம் அளவிட முடியவில்லை, சட்டையைத் துவைத்துவிட்டார்கள்.

இனி முக்கியமான பகுதி. அடுத்த ஞாயிறு தூத்துக்குடியிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு ஆறு பேர் சொல்லாமல் வந்தார்கள். கறிக்கடை சாத்தியாகிவிட்டது. அம்மா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு அரைக் கிலோ கிழங்கை எடுத்து நறுக்கினாள். கவனித்தேன்: கறித்துண்டு எந்த அளவோ அதே அளவுக்கு நறுக்கினாள். மசாலாவில் புரண்டு சுண்டியதும் எது கறி, எது கிழங்கு என்று பல்லுக்குத்தான் தெரியும். சுருள் பதினாறு. சித்தப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் உருட்டும்போது கரண்டி சட்டியின் அடிவரை போய் வந்தது. பிறகு பிறகு மேலோட்டமாய் அள்ளியது. கடைசிச் சுருளுக்குக் கிழங்கும் வழித்த மசாலாவும்தான்.

அந்தக் கடைசிச் சுருளின் கணக்கு வியப்பானது. கிழங்கு கூடியதால் கலோரி 235-க்குக் குறையவில்லை, வயிறு நிறைந்துவிடும். புரதம் மட்டும் 12-லிருந்து 5 கிராமுக்கு இறங்கியிருக்கிறது. வயிற்றைக் கேட்டால் வித்தியாசம் சொல்லாது. எங்கள் வீட்டில் கடைசிச் சுருள் யாருடையது என்பதற்குத் தரவு சேகரிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரே ஆள்தான்.

உறுதிப்படுத்திக்கொள்ள அதைத் தராசில் வைக்கப் போனேன்.

"எய்யா, திங்கிற சாமான எதுக்குத் தங்கம் கணக்கா நிறுக்க?" என்று பிடுங்கிக்கொண்டாள் அம்மா. அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றபடியே பிரித்தாள். உள்ளே எப்படியோ ஒரு சின்னக் கறித்துண்டு, ஐந்து கிராம் இருக்கும், சிக்கியிருந்தது. அதை விரலால் எடுத்து என் தட்டில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னத் தொடங்கினாள்.

எனவே திருத்தம்: அன்று என் கணக்கில் புரதம் ஒரு கிராம் கூடுதல். கடைசிச் சுருளுக்கு மேலே கொடுத்த 5 கிராம் அப்படியே இருக்கட்டும். அந்தத் துண்டை நான் அதில் சேர்த்திருக்கவே இல்லை.