மறதி இல்லாத கண்ணே!

டஸ்கனியின் குன்றூர் ஒன்றில், கல் வளைவுக்குப் பக்கத்தில், சுவரின் நிறத்தோடு நிறமாக ஒட்டி அமர்ந்திருக்கும் சிறு கேமராவே, உன்னைப் புகழாமல் இருக்க என்னால் முடியவில்லை. உன்னளவு மரியாதை தெரிந்த காவலை நானும் என் கணவரும் இத்தாலியில் வேறெங்கும் காணவில்லை. நீ விசில் ஊதவில்லை. கைகாட்டி நிறுத்தவில்லை. குறுக்குக் கட்டை எதையும் இறக்கவில்லை. வெயிலில் களைத்து வந்த இரண்டு வெளியூர்க்காரர்களை, எங்கிருந்து வருகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் உள்ளே விட்டாய். வண்டியின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாய்.

அந்த மாலையை நீ கெடுத்திருக்கலாம். கெடுக்கவில்லை. ஓட்டல் சன்னலுக்கு வெளியே உழவாரன் குருவிகள் கூட்டமாகக் கோபுரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டு பறந்தன. கையால் உருட்டிய தடித்த பீச்சி நூடுல்ஸை, பெரிய பல் பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்போடு சாப்பிட்டோம். இருட்டிய பிறகு செங்கல் தெருவில் கைகோத்து நடந்தோம். வண்டிச் சத்தமே இல்லை. இத்தனை அமைதி எப்படிக் கிடைத்தது என்று என் கணவர் வியந்தார். உன்னால்தான் கிடைத்தது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் நன்மை செய்கிறவன் நீ.

இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. அந்தத் தெருக்கள் கோவேறு கழுதைக்கும் கைவண்டிக்கும் போட்டவை. கார்கள் உள்ளே நுழையத் தொடங்கியதும் கல் பெயர்ந்தது, சுவர் கருத்தது, கிழவிகள் வாசலில் நாற்காலி போட முடியாமல் போயிற்று. சியெனா 1960களிலேயே தன் நடுநகரைக் கார்களுக்கு மூடியது; மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி என்று சட்டம் வகுத்தது, அதன் வாசலில் உன்னை வைத்தது. நல்ல சட்டம். நம்மிடமும் கோயில் வீதிகள் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் அருமை நமக்குப் புரியும்.

அறிவிப்புப் பலகை இல்லை என்று உன்மேல் யாரும் குற்றம் சொல்லிவிட முடியாது. இருக்கிறது. வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, அதன் கீழே சிறிய எழுத்தில், இத்தாலிய மொழியில், யார் எந்த நேரத்தில் நுழையலாம் என்ற விவரம். ஏற்றத்தில் வளைந்து திரும்பியவுடன் அது கண்ணில் படுகிறது. பின்னால் பால் வண்டி, இருபுறமும் கல் சுவர். படித்து முடிக்கும்போது வாசகர் உள்ளே இருக்கிறார். படிக்கிறவரை அலைக்கழிக்காமல், படித்து முடிக்கும் இடத்திலேயே ஊருக்குள் கொண்டு சேர்க்கும் பலகை வேறு எந்த நாட்டில் உண்டு?

மறுநாள் காலை என் கணவர் எனக்கு மாத்திரை வாங்கக் காரில் கீழே போய்த் திரும்பினார். அதையும் குறித்துக்கொண்டாய். ஒரே வண்டி, ஒரே ஓட்டல், ஒரே தங்கல் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடும் அலட்சியம் உன்னிடம் இல்லை. நுழைவு ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்புக் கொடுத்தாய்.

உழைப்பிலும் உனக்கு ஈடில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மணி அடித்தால் மளிகைக் கடை, இறைச்சிக் கடை, இரும்புச் சாமான் கடை எல்லாம் கதவடைத்துவிடும். திறக்க நாலு, நாலரை ஆகும். இரண்டரைக்கு மேல் சமையலறையில் அடுப்பு எரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி நின்றவர்கள் திங்கட்கிழமைதான் ஏறுவார்கள். நாங்கள் பார்த்தவரை, உண்ணாமல் உறங்காமல் கடமையில் இருந்தது நீ ஒருவன்தான்.

உன்னை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். உன் சுற்றமும் உன்னைப் போலவே அடக்கமானது. கார் வாடகைக்குக் கொடுத்தவர்கள் எங்கள் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், வண்டியின் கீறல்களை ஒன்றுவிடாமல் படம் வரைந்து குறித்தார்கள், கிரெடிட் கார்டில் முன்பணத்தைப் பிடித்து வைத்தார்கள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவருக்குள்ளே இருக்கும் ஓட்டல்கள் விருந்தினரின் வண்டி எண்ணை நகராட்சிக்குத் தெரிவித்தால் அனுமதி கிடைக்கும் என்பது ஊரறிந்த ஏற்பாடு. எங்கள் ஓட்டலில் எண்ணைக் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சலுகையைக் கொடுத்துவிட்டு அதை விளம்பரம் செய்யாமல் இருப்பது எவ்வளவு பெருந்தன்மை!

உன்னோடு ஒப்பிட்டால் அந்த நாட்டு மக்களின் நடத்தையைச் சொல்ல நா கூசுகிறது. இன்னொரு குன்றூரில், காப்பிக் கடை வாசல் பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா எங்கள் காரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். கைத்தடியால் பானெட்டில் தட்டினார். ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். சுட்டுவிரலால் தன் கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துக் காட்டி, வளைவின் மேல் இருந்த உன் உடன்பிறப்பைச் சுட்டினார். பிறகு காருக்கு முன்னால் தானே நடந்து, பின்பக்கமாக எடுக்க வழி சொல்லி, சரிவுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம் வரை கொண்டுபோய் விட்டார். இறங்கி நன்றி சொன்னபோது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். விருந்தாளியிடம் இப்படியா நடந்துகொள்வது? அவருடைய அவசரத்தால் அந்த ஊருக்குக் குறைந்தது 83 யூரோ நஷ்டம்.

முன்கூட்டியே சொல்லிவிடும் இந்தக் குறை அங்கே பரவலாக இருக்கிறது. வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் நாங்கள் தங்கிய பண்ணை வீட்டுக்காரம்மாவுக்கும் அதே பழக்கம். அந்த வீடுகள் ஒரு காலத்தில் வாரக் குடியானவர்களுடையவை. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு என்ற அந்த ஏற்பாட்டில் புதிதாக ஒப்பந்தம் போடக்கூடாது என்று 1964இல் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் குடும்பங்கள் நகரத்துக்குப் போக, வீடுகள் காலியாகிக் கிடந்தன. 1985இல் பண்ணைச் சுற்றுலாவுக்குச் சட்டம் வந்த பிறகு பல வீடுகளில் மறுபடி விளக்கு எரிந்தது. அந்த அம்மா வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: அறைக்கு இவ்வளவு, இரவுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, ரொட்டியில் உப்பு இருக்காது, இங்கே அப்படித்தான், பியென்சா ஊரின் செம்மறியாட்டுப்பால் சீஸோடு சாப்பிட்டால் சரியாகிவிடும். சரியாகத்தான் ஆயிற்று. கிழக்கே போகும் மண்சாலை மழையில் சரிந்திருக்கிறது, போகாதீர்கள் என்று கைகளை விரித்து நடித்துக் காட்டினார். நாங்கள் போகவில்லை. சைப்ரஸ் மர வரிசைக்குக் கீழே உட்கார்ந்து, கோதுமை அறுத்த மேடுகள் மாலையில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தாலியை நினைத்தால் எங்கள் இருவருக்கும் முதலில் வருவது அந்த மாலைதான். ஒரு சரிவில் விழுந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அனுபவத்தை அந்த அம்மா எங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்.

நீ அப்படி இல்லை. காத்திருந்தாய். உள்ளூர்க்காரருக்கு 90 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு 360 நாள் என்று உன் நாட்டுச் சட்டம் தாராளம் காட்டுகிறது. விருந்தாளியை வயிறாரச் சாப்பிடவைத்து, தாம்பூலம் கொடுத்து வழியனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் இலைக்குக் காசு கேட்டு ஆளனுப்பும் கல்யாண வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. உன்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னும் நிறைய. முதலில் வாடகைக் கார் நிறுவனம், எங்கள் பெயரை உனக்குச் சொன்ன சிரமத்துக்காக ஒரு கட்டணம் எடுத்துக்கொண்டது. அது அபராதம் இல்லை, வெறும் சேவை. பயணத்தின் படங்களை உறவினருக்குக் காட்டி முடித்து மாதங்கள் ஆன பிறகு, சென்னைக்குப் பதிவுத் தபால் வந்தது. இரண்டு. நாளும் நிமிடமும் பிசகாமல், பிழையில்லாத ஆங்கிலத்தில். வாசல் பலகையில் இடம் கிடைக்காத ஆங்கிலம் அந்தக் கடிதத்தில் தாராளமாக இருந்தது. கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. இங்கே வங்கியில் படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, யூரோவாக மாற்றி அனுப்புவதற்குள் அந்த ஐந்து நாள் தன் கடமையைச் செய்துவிட்டது. முழுத்தொகையையும் கட்டினோம்.

அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் பணம் போகும் வழியும் எனக்குத் தெரியும். இத்தகைய அபராத வருவாயில் பாதியை நகராட்சிகள் சாலைக் காரியங்களுக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பாதியில் கால் பங்காவது அறிவிப்புப் பலகைகளுக்கு, கால் பங்காவது உன்னைப் போன்ற கண்காணிப்புக் கருவிகள் உள்ளிட்ட காவல் செலவுக்கு என்று அங்குள்ள போக்குவரத்துச் சட்டம் பிரித்துச் சொல்கிறது. உனக்குரிய பங்கு உன்னிடம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். பலகைக்குரிய பங்கு எங்கள் இரண்டு கடிதங்களிலிருந்து சில யூரோக்களாவது தேறும். அதைக் கொண்டு ஏற்றத்தின் அடியில், வண்டியைத் திருப்ப இடம் இருக்கும் அந்த ஆலிவ் தோப்பு ஓரத்தில், கடிதம் எழுதிய அதே ஆங்கிலத்தில் ஒரு பலகை நடச் சொல். உன் வருமானம் குறையும். பன்னிரண்டு மாதம் காத்திருக்கத் தெரிந்த உன் பொறுமை அதையும் தாங்கும்.