டேக் என்கிற புரோக்கர்

'டேக்' என்ற சொல் இங்கிலீஷ்காரர்களின் பூர்வீகச் சொத்து இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் படகேறி வந்து அவர்களுடைய மடாலயங்களைச் சூறையாடிய வைக்கிங்குகளின் 'டாக்கா' அது. அதற்கு முன் 'எடு' என்பதற்கு இங்கிலீஷில் 'நிமன்' என்று சொந்தமாகவே ஒரு சொல் இருந்தது. அதன் ஒன்றுவிட்ட தங்கை 'நேமன்' இன்றும் ஜெர்மனியில் சௌக்கியமாக இருக்கிறாள். கொள்ளையடிக்க வந்தவன் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு 'எடு' என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இவர்களும் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பிற்பாடு நம் ஊர் வரைக்கும் வந்து செய்முறை விளக்கம் காட்டினார்கள். செத்துப்போன 'நிமன்' இப்போது ஓரிரு இடங்களில்தான் இங்கிலீஷில் மூச்சு விடுகிறது. பல் டாக்டர் ஊசி போட்டதும் பாதி வாய் 'நம்' ஆகிவிடுகிறதே, அந்த 'நம்' அதன் பிள்ளைதான். எடுபட்டுப் போனது என்று அர்த்தம்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எனக்கு வேண்டாத வேலை. காரணம் என் மனைவி. அவள் துருக்கி சீரியல் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். துருக்கியில் ஒரு எபிசோடு என்றால் இரண்டு மணி நேரம் ஓடும். கதாநாயகி ஜன்னலோரம் நின்று கடலைப் பார்க்க ஆரம்பித்தால், நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்து, பாக்கிச் சில்லறையை எண்ணி வைத்த பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். கீழே இங்கிலீஷ் வரிகள் ஓடும். அந்த வரிகளில் எங்கே திரும்பினாலும் 'டேக்'. டேக் எ பஸ், டேக் எ போட்டோ, டேக் ரிவெஞ்ச், டேக் கேர். ஆனால் ஒவ்வொரு தடவையும் திரையில் இருக்கிறவர்கள் வேறு வேறு சொல்லைச் சொன்னார்கள். இது எனக்குத் தாங்கவில்லை. ஓர் அகராதியும் இலக்கணப் புத்தகமும் வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மனைவிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. 'தமாம்' என்றால் சரி, 'ஹாதி' என்றால் கிளம்பு என்று காதாலேயே பிடித்துக்கொண்டாள். தெரியாத பெண்ணை 'அப்லா' என்றும் தெரியாத ஆணை 'ஆபி' என்றும் கூப்பிடுவதைப் பார்த்து, "நம்ம அக்கா, அண்ணே மாதிரிதாங்க" என்று முடித்துவிட்டாள். குழப்பம் வந்தது என் அம்மாவுக்குத்தான். அங்கே பெற்ற தாயை 'அன்னே' என்று கூப்பிடுகிறார்கள். "அம்மாவைப் போய் அண்ணேங்கிறாளே, இந்தப் பொண்ணு நல்லாருக்குமா?" என்று அவர் ஒரு வாரம் வருத்தப்பட்டார். அது அண்ணே இல்லை, அன்னை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சமாதானம் சொன்னேன்.

அகராதி என்றால் துருக்கியில் ரெட்ஹவுஸ். ஜேம்ஸ் ரெட்ஹவுஸ் என்ற இங்கிலீஷ்காரர் பதின்ம வயதிலேயே இஸ்தான்புல்லுக்குப் போய், அந்த மொழியோடேயே வாழ்ந்து, 1890-இல் வெளியிட்ட துருக்கி - இங்கிலீஷ் பேரகராதியின் பெயர் இன்றும் அங்கே பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. அதை வெளியிடச் செய்தது அமெரிக்க மிஷன். நமக்கு 1862-இல் தமிழ் - இங்கிலீஷ் அகராதி தந்த வின்ஸ்லோவும் அதே அமெரிக்க மிஷன்காரர்தான். ஆக, சென்னையிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் போகிறவன் இரண்டு பக்கமும் அதே இங்கிலீஷ் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறார் டேக் என்கிற புரோக்கர். எந்த வீட்டுக்கும் சாவி என்னிடம் இருக்கிறது என்பார். கதவு திறந்தால் உள்ளே இருந்து வருவது வேறு ஆள்.

பஸ்ஸைப் பாருங்கள். இங்கிலீஷ்காரர் பஸ்ஸை 'எடுக்கிறார்'. துருக்கிக்காரர் ஏறுகிறார். 'பின்மெக்' என்றால் ஏறுதல். குதிரைக்கும் அதுதான், பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் அதுதான். குதிரையில் வாழ்ந்த பரம்பரை, டீசல் வந்ததும் வினைச்சொல்லை மாற்றவில்லை. நாமும் பஸ் ஏறித்தான் பிழைக்கிறோம். பஸ்ஸை எடுப்பது இங்கே டிரைவர் மட்டும்தான். "வண்டியை எடுப்பா" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பதோடு பிரயாணிகளுக்கும் அந்த வினைக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்தது.

சிகரெட்டை அவர்கள் குடிக்கிறார்கள். 'இச்மெக்' என்றால் குடித்தல். தண்ணீர், சூப், சிகரெட், மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். இதை ஏதோ கீழ்நாட்டு விசித்திரம்போல என் இலக்கணப் புத்தகம் ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "உங்க தாத்தா சுருட்டு குடிச்சாரு, உங்க மாமன் பீடி குடிச்சான். பின்ன என்ன, கடிச்சா தின்பாங்க?" என்றார். அந்த ஆச்சரியக்குறியை அப்போதே பேனாவால் அடித்துவிட்டேன்.

மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மாத்திரையைக் குடிக்கலாம், விழுங்கவும் செய்யலாம். ஆனால் 'ஹாப்பு யுத்துக்', அதாவது 'மாத்திரையை விழுங்கிட்டோம்' என்று யாராவது தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னால், தொலைந்தோம் என்று அர்த்தம். டாக்டரைக் கூப்பிட வேண்டாம்; வக்கீலைக் கூப்பிட வேண்டியிருக்கலாம். ('ஹாப்பு' என்று நான் எழுதியதில் கடைசி 'உ' நம் குற்றியலுகரம்தான். அதற்கென்று அவர்கள் புள்ளி வைக்காத 'ஐ' எழுத்து ஒன்று வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதை உச்சரிக்க உதட்டைப் பலவிதமாக வளைத்துப் பார்க்கிறார்கள். நமக்குப் 'பேசு' என்று பேசத் தெரிந்தால் போதும்.)

பரீட்சையை எடுப்பதில்லை, அதற்குள் நுழைகிறார்கள். கணக்குப் பரீட்சை நடக்கும் ஹாலின் வாசலில் நின்றவர்களுக்கு இந்த வினையின் நியாயம் புரியும். போட்டோவை இழுக்கிறார்கள், 'செக்மெக்' என்றால் இழுத்தல். பல்லையும் இழுக்கிறார்கள், வங்கியிலிருந்து பணத்தையும் இழுக்கிறார்கள், துன்பத்தையும் இழுக்கிறார்கள், பரீட்சைக்குள் நுழைந்த பிறகு காப்பியும் இழுக்கிறார்கள். பையன் அப்பாவைக் கொண்டிருக்கிறான் என்பதற்கும் அதே இழுவைதான்: 'பாபாசுனா செக்மிஷ்', அப்பா பக்கம் இழுத்துவிட்டான். நாம் இந்த விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கடுமையானவர்கள். அப்பனை உரித்தே வைத்துவிடுகிறோம்.

'டேக் பிளேஸ்' என்று ஒன்று உண்டே, ஒரு சம்பவம் நடப்பதற்கு. அது இடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறது என்று எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சந்தேகம். துருக்கியில் சம்பவம் 'மெய்தானா' வருகிறது. மெய்தான் வேறு யாருமில்லை, நம் மைதானம். விபத்து மைதானத்துக்கு வந்தது, நிலநடுக்கம் மைதானத்துக்கு வந்தது. இதில் ஒரு மரியாதை இருக்கிறது. எல்லாரும் பார்க்கும்படி வந்து நின்றுவிட்டது, இனி மறைக்க முடியாது.

இப்படி டேக் கைவிட்ட இடங்களையெல்லாம் கழித்த பிறகு, மிச்சத்துக்கு அகராதி ஒரே சொல் தருகிறது: 'அல்மாக்'. டேக் என்றால் அல்மாக், டேக் என்றால் எடு, ஆகவே அல்மாக் என்றால் எடு. கணக்கு சரியாகத்தான் தெரியும். புரோக்கர் போட்ட கணக்கு. அல்மாக் வெறுமனே எடுப்பதோடு நிற்பதில்லை. அது வாங்குகிறது.

பட்டியலைப் பாருங்கள். ரொட்டி வாங்க அல்மாக். கடன் வாங்க அல்மாக். அனுமதி வாங்க அல்மாக். பரீட்சையில் மார்க் வாங்க அல்மாக். லஞ்சம் வாங்கவும் அல்மாக்தான். இங்கிலீஷ்காரருக்கு இதில் பை, பாரோ, கெட், டேக் என்று நாலு ஆள் வேண்டும். நமக்கும் துருக்கிக்காரருக்கும் ஒரே ஆள் போதும். சீரியலில் ஒரு தாத்தா மீசையை நீவிக்கொண்டு 'இந்திகாம்' என்று ஆரம்பித்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது அல்மாக். பழி வாங்கப் போகிறார்! உலகத்தில் இத்தனை மொழி இருக்கிறது. பழியைப் போய்க் கடையில் ரொட்டி வாங்குகிற அதே வினையால் வாங்கவேண்டும் என்று அனடோலியாவிலும் அரியலூரிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பழியை வாங்காம வாடகைக்கா எடுப்பாங்க?" என்றாள்.

கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவதற்கு அங்கே 'அலுஷ்வெரிஷ்' என்று பெயர். அலுஷ் என்றால் வாங்கல், வெரிஷ் என்றால் கொடுக்கல். நம் கொடுக்கல் வாங்கலைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கொடுக்கிறார்கள்; நாம் முதலில் கொடுக்கிறோம். அதனால் நாம் தாராள மனசுக்காரர்கள் என்று பெருமைப்பட இருந்தேன். ஆனால் இங்கே யாராவது "அவங்களுக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்துச்சு" என்று பேச்சை ஆரம்பித்தால், கொடுத்தது திரும்பவில்லை என்ற செய்திதான் அடுத்து வரும். துருக்கிக்காரர்கள் இதையும் பெயர்ச்சொல்லாக்கிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 'அலஜாக்' என்றால் வாங்கவேண்டியது, 'வெரெஜெக்' என்றால் கொடுக்கவேண்டியது. கடன் கொடுத்துவிட்டு அலைகிறவருக்கு 'அலஜாக்லு' என்று ஒரு பட்டமும் உண்டு. வாங்கவேண்டியது உள்ளவர். எனக்குத் தெரிந்த அலஜாக்லுக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்கும் இதே ஜோடிதான். இரண்டு குடும்பத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுப்பதற்கு 'குஸ் அலுப் வெர்மெக்'. கொண்டான் கொடுத்தான் என்று நம் பக்கத்தில் சம்பந்திகளைச் சொல்கிறோமே, அதை அப்படியே அங்கே பெயர்த்து வைக்கலாம். டேக்கை நடுவில் விட்டால் இந்த இடத்தில் போலீஸ் கேஸ் ஆகிவிடும்.

வாங்குகிற வினைக்குச் செயப்பாட்டுவினை போட்டபோதுதான் அந்த மொழியின் மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது. 'அலுந்து' என்றால் வாங்கப்பட்டது. அதே அலுந்துவுக்கு 'மனசில் வாங்கிக்கொண்டு கோபித்துக்கொண்டார்' என்றும் அர்த்தம். எடுத்ததற்கெல்லாம் முகம் தூக்குகிறவருக்கு 'அலுங்கான்' என்று பெயர். நம் கல்யாண வீடுகளில் பத்திரிகையில் பெயர் போடவில்லை, பந்திக்குக் கூப்பிடவில்லை என்று மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் சித்தப்பாக்களுக்கு ஒரே சொல்லில் பெயர் வைக்கத் தமிழில் இவ்வளவு காலம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? "அவரை விடுங்க, அவர் ஒரு அலுங்கான்" என்று இப்போது எங்கள் வீட்டில் தாராளமாகப் புழங்குகிறோம். சம்பந்தப்பட்டவர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லவும் அல்மாக்கிடம்தான் போக வேண்டும். டீ வேண்டுமா என்றால் 'அல்மாயாயும்' என்பது மரியாதை: நான் வாங்காமலிருக்கிறேனே. இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில் அங்கே டீ ஓயாமல் வந்துகொண்டிருக்கும். வாயால் சொல்லி எடுபடாவிட்டால் ஸ்பூனை டம்ளரின் மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். நாம் இலையை மடிப்பதுபோல. நம் ஊர்ப் பந்தியில் மடித்த இலைக்கும் ரசம் ஊற்றுகிறவர்கள் உண்டு. அங்கே ஸ்பூனுக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

'பாக்மாக்' பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 'பாக்' என்றால் பார். 'பாக்குறேன், பாக்கலாம்' என்று நாம் பேசுகிற அதே பாக். போதாக்குறைக்குப் பார்த்துக்கொள்வதற்கும் அதுவேதான்; 'கெந்தினே இயி பாக்' என்றால் உன்னை நல்லா பார்த்துக்கோ. வாக்கியத்தின் கடைசியில் வினை வருவது, ஒட்டுக்கு மேல் ஒட்டாகச் சேர்த்துக்கொண்டே போவது எல்லாம் நம்மைப் போலவே இருந்தாலும், இந்தப் பாக்கும் அந்தப் பாக்கும் தற்செயலாக ஒலி ஒத்தவை, அவ்வளவுதான். தயவுசெய்து இதை வாட்ஸ்அப் பெரியவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள். நாளைக் காலை குட்மார்னிங் ரோஜாவோடு குமரிக்கண்டத்தின் வட எல்லை அங்காரா என்று வந்து சேரும்.

துருக்கியில் இந்த வினைகளை வைத்துச் சண்டையும் உண்டு. 1932-இல் மொழிக் கழகம் தொடங்கி அரபு, பாரசீகச் சொற்களைச் சல்லடை போட்டுச் சலித்தவர்கள் அவர்கள். அப்படியும் பழிக்கு இந்திகாம், லஞ்சத்துக்கு ருஷ்வெத் என்று அரபு வழி வந்த பெயர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. நாமும் லோன், பர்மிஷன், மார்க் என்று பெயரை எவனிடமிருந்தோ வாங்கினாலும், 'வாங்கு' நம்முடையதாக இருக்கிறதே. வினையையே வெளியூரானிடம் வாங்கியது இங்கிலீஷ்காரர்கள்தான். இப்போது அங்கே தூய்மைவாதிகளின் வயிற்றெரிச்சல் வேறு: இளசுகள் இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டு வினையை மாற்றுகிறார்கள் என்பது. ஷவரில் குளிப்பதற்கு 'துஷ் அல்மாக்' என்கிறார்களாம். துஷ் என்பது பிரெஞ்சுச் சரக்கு, அதைப் பற்றிப் பேச்சில்லை. 'துஷ் யாப்மாக்', ஷவர் செய்வது, அதுதான் முறை. ஷவரை வாங்குவதென்றால் குழாய்க் கடைக்குப் போ என்று பெரியவர்கள் எரிந்து விழுகிறார்கள்.

நான் இதில் பெரியவர்கள் கட்சி. இளைப்பாறிக்கொண்டிருந்த தமிழன் 'ரெஸ்ட் எடுக்க' ஆரம்பித்ததைக் கண்ணெதிரே பார்த்தவன் நான். என் பையன் இப்போது "பாத் எடுத்துட்டு வரேன்ப்பா" என்கிறான். குளிச்சிட்டு வரேன் என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். இஸ்தான்புல் தகராறு முழுவதையும் பத்து நிமிஷம் எடுத்துச் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு பாத்ரூமுக்குப் போனான். குழாய் திருகும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினான்.

"அப்பா, வினைச்சொல் நீங்க சொல்றதையே வச்சுக்கறேன். முதல்ல மோட்டாரைப் போடுங்க."