துல்சா தம்பிகளுக்கு ஒரு மஞ்சக்காட்டுக்காரன் எழுதறது

ஹான்சன் தம்பிகளா, உங்க மூணு பேருக்கும் தமிழ் தெரியாதுங்கற தெகிரியத்துலதான் இதை எழுதறேன். தெரிஞ்சிருந்தா இவ்வளவு நேராப் பேசமாட்டேன். எழுபத்திரெண்டு வயசுல எனக்கு எதுக்குங்க வெளிநாட்டுப் பகை?

உங்களை எனக்கு 1997லயே தெரியும். என் மக கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. தீவாளிக்கு ஊருக்கு வந்தப்ப பையில துணி இருந்துச்சோ இல்லையோ, ஒரு கேசட் இருந்துச்சு. அட்டையில மூணு வெள்ளைக்காரப் புள்ளைங்க. நாள் பூரா ஒரே பாட்டு. நடுவுல பல்லுவலிக்காரன் முனகறாப்பல ஒரு சொல்லு, 'ம்ம்ம்பாப்'ன்னு. நானும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பொண்ணுங்க மூணும் நல்லாத்தான் பாடுது கண்ணு, எண்ணெ வெச்சுச் சடை பின்னிவிட ஊட்டுல ஆளில்லையாட்ட இருக்குது"ன்னேன். மக ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

அந்தக் கோவத்துல இருந்தே நீங்க எவ்வளவு பெரிய ஆளுங்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப அவ பையன், என் பேரன், கிட்டாரும் கையுமா ஒக்காந்துட்டு, "அப்புச்சி, நானும் அவங்க மாதிரி இண்டிபெண்டண்ட்டாப் போறேன்"ங்கறான். வேலைக்குப் போகாததுக்கு இங்கிலீசுல இப்படி ஒரு பேர் இருக்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அதனால உங்க கதையைப் பூரா சொல்லச் சொல்லிக் கேட்டேன். கேட்டதுல உங்ககிட்ட சில குத்தம் கண்டுபிடிச்சிருக்கேன். பெரியவன் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மொதக் குத்தம், நீங்க வளந்துட்டீங்க. பாட்டு உச்சத்துக்குப் போனப்ப மூத்தவர் ஐசக்குக்குப் பதினாறு, நடுவுலவர் டெய்லருக்குப் பதினாலு, கடைசித் தம்பி ஸாக்குக்குப் பதினொண்ணு. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியான்னு போன பக்கமெல்லாம் மொத எடம். அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் உங்க நாட்டுல மட்டும் 40 லட்சம் போச்சாம். ஓக்லஹோமா கவர்னர் 1997 மே 6ந் தேதியை உங்க பேருக்கே எழுதி வெச்சுட்டார். கிராமி விருதுக்கு மூணு எடத்துல பேரு வந்துச்சு, ஒண்ணும் கைக்கு வரல. அதை விடுங்க. வெண்டைக்காய்ச் சந்தையில நுனியை ஒடிச்சுப் பார்த்து வாங்கற கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு, "நாங்க கொஞ்சம் முத்திட்டோம், இப்பத்தான் ருசியே"ன்னா யாரு காதுல வாங்குவா? பதினொரு வயசுலயே நிறுத்தியிருக்கணும். அதுக்கு வழி தெரியலைன்னா கம்பெனிக்காரங்களைக் கேட்டிருக்கலாம், அவங்களுக்கு அதுதான் ஆசை.

அந்தப் பாட்டோட அர்த்தத்தைப் பேரன் சொன்னப்ப எனக்கு ஒரு நிமிசம் வாயடைச்சுப் போச்சு. துள்ளற மெட்டுல நீங்க பாடுனது என்ன? வாழ்க்கையில எத்தனையோ பேர் வருவாங்க, அத்தனை பேரும் போயிருவாங்க, தலை நரைக்கறப்ப ஒண்ணு ரெண்டு பேர்தான் பக்கத்துல இருப்பாங்க. எழுபதுல நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை மீசை முளைக்காத பயலுங்க குதிச்சுக்கிட்டுப் பாடியிருக்கீங்க. என் மகளும் அதுக்குத்தான் மெத்தை மேல ஏறிக் குதிச்சிருக்கா. பாவம், அர்த்தம் தெரிஞ்சிருந்தா அழுதிருப்பா.

போனவங்கள்ல மொத ஆளு உங்க கம்பெனியேதான். 1998ல சீக்ராம்னு ஒரு சாராயக் கம்பெனி, ஆயிரம் கோடி டாலருக்கு மேல குடுத்து பாலிகிராமை வாங்குச்சு. நீங்க இருந்த மெர்குரி அதுக்குள்ள ஒரு அறை. பங்காளிச் சண்டையில தொட்டி மாடு கைமாறுற மாதிரி, உங்களை ஐலண்ட் டெஃப் ஜாம் கட்டுத்தரையில கொண்டாந்து கட்டுனாங்க. டெஃப் ஜாம்னா ராப் பாட்டுக்குப் பேர் போன எடம். முன்னே உங்களைத் தேடி கான்சாஸ் சந்தைத் திருவிழா வரைக்கும் வந்து, "இதுங்க நெஜமாத்தான் பாடுதுங்க"ன்னு கண்ணால பார்த்துக் கூட்டிட்டுப் போன மெர்குரிக்காரர் வேற ஆளு. அவரு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். 2000ல புது ஆல்பம் வந்தப்ப, ஊர் ஊராப் போய்ப் பாடற செலவுல இருந்து கம்பெனி கையை எடுத்துக்கிச்சு. நீங்க சொந்தக் காசுல போனீங்க.

அப்பறம் அந்த எண்பது பாட்டுச் சமாச்சாரம். மூணு வருசம் எழுதி எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தீங்க. 80க்கு மேல. "ஹிட்டாகற பாட்டு இல்லையே, இன்னும் எழுதிட்டு வாங்க"ன்னு திருப்பித் திருப்பி அனுப்புனாங்க. இதைக் கேட்டதும் எனக்கு எந்திரிச்சு உங்க தோள்ல கையைப் போடணும்னு தோணுச்சுங்க தம்பிகளா. ஏன்னா இந்தப் படிக்கட்டு நானும் ஏறி எறங்குனது.

நாங்க மஞ்சளைத் தோண்டி, வேகவெச்சு, காயப்போட்டு, பாலீஷ் போட்டு மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுபோவோம். அங்க ஒருத்தர் இருந்தார், பேர் வேண்டாம். மூட்டைக்குள்ள கையை உட்டு ஒரு விரலி மஞ்சளை எடுப்பார். படக்குன்னு ஒடிப்பார். ஒடிஞ்ச எடத்தை வெயில்ல காட்டுவார். மூக்குகிட்ட வெப்பார். எழவு ஊட்டுல துக்கம் கேக்கற மொகத்தோட, "நெறம் பத்தலைங்க"ம்பார். ஒடிச்ச துண்டு ரெண்டும் அவர் டப்பாவுக்குப் போயிரும், எங்கிட்டத் திரும்பாது. ரெண்டு தடவை வண்டி வாடகை குடுத்துத் திருப்பிக் கொண்டாந்தேன். மூணாந்தடவை அதே மஞ்சளை வேற சாக்குல மாத்திக் கட்டிக் கொண்டுபோனேன். ஒடிச்சுப் பார்த்துட்டு, "இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்குது"ன்னார்.

உங்க ரெண்டாவது குத்தம் இதுதான். எண்பது பாட்டு எதுக்கு எழுதுனீங்க? நாலு பாட்டை எழுதிட்டு இருபது தடவை சாக்கை மாத்தியிருக்கலாம்.

இன்னொரு சங்கதி, முன்பணம். மண்டியில நடவுக்கே பணம் வாங்கிட்டா, வெள்ளாமை யாருது? நம்ம காடு, நம்ம வேர்வை, ஆனா சாக்கு மேல அவங்க முத்திரை. உங்க தொழில்லயும் அதேதானாம். அட்வான்ஸ் குடுப்பாங்க, ரெக்கார்டிங் செலவைக் கணக்குல எழுதுவாங்க. அதெல்லாம் உங்க ராயல்ட்டியில கழிஞ்ச பின்னாடிதான் உங்களுக்குக் காசு. கழிஞ்சு முடிஞ்சாலும் மாஸ்டர் நாடா பெரும்பாலும் கம்பெனிக்குத்தான் சொந்தம். பேரன் இதை ஏதோ அமெரிக்க அதிசயமாட்டச் சொன்னான். நான் சிரிச்ச சிரிப்புல கொட்டாயில படுத்திருந்த நாய் எந்திரிச்சுப் போயிருச்சு.

2003ல அங்கிருந்து வெளியே வந்தீங்க. 3சிஜின்னு சொந்தக் கம்பெனி. அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுத்தான் பேரனை நான் மடக்குனேன். அது மூணு கார் நிறுத்தற கொட்டாய். 1995லயும் 96லயும், கம்பெனி கண்ணுல படறதுக்கு முந்தியே, ஊர்லயே பதிஞ்சு ரெண்டு ஆல்பம் சொந்தமாப் போட்டு வித்தவங்க நீங்க. ம்ம்ம்பாப் மொதல்ல வந்ததே அப்படித்தான். அந்தப் பழைய பதிவுகள்ல சிலதைத்தான் பின்னால 'த்ரீ கார் கராஜ்'னு கம்பெனி வெளியிட்டுச்சு. 1994ல டெக்சாஸ் ஆஸ்டின் திருவிழாவுல, எதிர்ல வந்தவங்களை எல்லாம் நிறுத்தி வெறும் வாயிலயே பாடிக்காட்டி மேனேஜரைப் புடிச்சதும் நீங்களேதான். "டேய், அவங்க தனியாப் போகலைடா, ஊட்டுக்குத் திரும்பி வந்திருக்காங்க. நீ ஊட்டை விட்டே இன்னும் கெளம்பல, எங்கிருந்து திரும்பி வருவே?"ன்னேன். பையன் கிட்டாரைத் தொடைச்சுக்கிட்டு இருந்தான்.

2004ல சொந்தமாப் போட்ட 'அண்டர்நீத்', பில்போர்டு பொதுப் பட்டியல்ல 25ஆவது எடம், தனிக் கம்பெனிக்காரங்க பட்டியல்ல மொத எடம். கடைங்களுக்குக் கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு மட்டும் ஒரு விநியோகக் கம்பெனி. உங்க எண்பது பாட்டைத் திருப்பி அனுப்புன கதையைப் படமா எடுத்து, அதையும் காலேஜ் காலேஜாக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கீங்க. இது எனக்குத் தோணாமப் போச்சு. அந்த மண்டிக்காரர் மொகத்தை நான் படம் புடிச்சிருந்தா இந்நேரம் தோட்டத்துக்கு ரெண்டு போர் போட்டிருப்பேன்.

மூணாவது குத்தம் செருப்பு. தென்னாப்பிரிக்கா போய், சொவேட்டோ புள்ளைங்களைப் பாட வெச்சு, 2007ல ஒரு ஆல்பம் போட்டீங்க. அங்கத்த எய்ட்ஸ் கொடுமைக்காக, பாடப் போன ஊர்லயெல்லாம் ரசிகருங்களை ஒரு மைல் வெறுங்காலோட நடக்க வெச்சீங்க. நல்ல காரியந்தான், குறை சொல்லல. எங்க அப்பன் அறுபது வருசம் வெறுங்காலோட நடந்தார். கூட ஒரு எருமைதான் வந்துச்சு. கூட்டம் சேக்கற வித்தை அவருக்குத் தெரியல.

கூட்டம்னதும் சொல்றேன், எனக்கு உங்ககிட்ட நெஜமாவே புடிச்ச எடம் இதுதான். ஊர் உலகமெல்லாம் வாங்கணும்னு நீங்க நிக்கல. வருசச் சந்தா வெச்சீங்க. கட்டுனவங்களுக்கு மட்டும் வருசா வருசம் தனியா ஒரு பாட்டுத் தட்டு. மே மாசமானா உங்க ஊர் துல்சாவுல உங்க பேர்ல ஒரு நோம்பி. எங்கெங்கிருந்தோ வந்து சேர்றாங்க. முன்ன கத்திக் கத்தித் தொண்டை கட்டுன அந்தப் பொண்ணுங்க இப்ப நாப்பதைத் தொட்டவங்க, புருசன்கிட்டப் புள்ளைங்களை உட்டுட்டு வர்றாங்களாம். பழைய பாட்டைப் பாடமாட்டேன்னு நீங்களும் முறுக்கிக்கல. உங்க வயசுல எங்க ஊர்ல ஒரு தவில்காரர், மொத மொதல்ல பேர் வாங்கிக் குடுத்த உருப்படியை வாசிக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவார். ஊரும் அவரை உட்டுட்டுப் போயிருச்சு.

கடைசிக் குத்தத்தை மெதுவாச் சொல்றேன், பேரன் பக்கத்துல இருக்கான். 2013ல பீர் காய்ச்ச ஆரம்பிச்சீங்க. அதுக்குப் பேரு 'ம்ம்ம்ஹாப்ஸ்'. சாராயக் கம்பெனி ஒண்ணு உங்க பாட்டுக் கம்பெனியை முழுங்குச்சு, பாட்டுக்காரங்க நீங்க திருப்பிச் சாராயத் தொழில்லயே கையை வெச்சுட்டீங்க. பழி வாங்கறதுல இவ்வளவு பொறுமையை நான் எங்க பங்காளிங்ககிட்டக்கூடப் பார்த்ததில்லை. செலவும் இருக்குமில்ல. நடுவுலவருக்கு ஏழு, கடைசித் தம்பிக்கு அஞ்சு, மூத்தவருக்கு மூணு, ஆகப் பதினஞ்சு உருப்படி. அத்தனைக்கும் பள்ளிக்கூடச் செலவை ஒரே பாட்டு தாங்குமா?

சரிங்க தம்பிகளா, புத்தி சொல்றதெல்லாம் சொல்லியாச்சு. இனி நான் எதுக்கு இந்தக் கடுதாசி எழுத ஒக்காந்தேன்னு சொல்லிர்றேன். ரெண்டு வருசமா குடோன்ல இருபது மூட்டை விரலி கெடக்குது. நெறம் நல்ல நெறம், நானே ஒடிச்சுப் பார்த்துட்டேன். மண்டிக்கு இனிப் போறதா இல்ல. அந்த வருசச் சந்தா எப்படி ஆரம்பிக்கறது, மொதல்ல யாரு கதவைத் தட்டறது, எத்தனை பேர் சேந்தா ஒரு மனுசன் கஞ்சி குடிக்கலாம்? இதை மட்டும் விவரமா எழுதிப் போடுங்க. இங்கிலீசுல இருந்தாலும் பரவால்ல. பேரன் படிச்சுச் சொல்லுவான். அந்தச் சோலியாவது பாக்கட்டும்.