பணிவால் வென்றவர்களுக்கு

டெக்சாஸ் சட்டமன்றக் கீழவைக்காக 2024-ல் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், பழைய உறுப்பினர்களைச் சாய்த்து வென்ற புதுமுகங்களே, உங்களை மனம்விட்டுப் பாராட்டத்தான் வேண்டும். மாதம் 600 டாலர் சம்பளம் தரும் பதவி அது. அதற்காக 750 டாலர் கட்டி மனுப்போட்டு, வீடு வீடாகக் கதவு தட்டினீர்களே, அந்தத் தொண்டுள்ளம் யாருக்கு வரும்!

நீங்கள் வீழ்த்தியவர்களில் பலர் செய்த குற்றம் ஊரறிந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை 2023 நவம்பரில் அவை 84-க்கு 63 என்ற கணக்கில் மசோதாவிலிருந்து நீக்கியது. அன்று ஆளுங்கட்சியிலிருந்தே 21 பேர் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். பெரும்பாலும் நாட்டுப்புறத் தொகுதிக்காரர்கள். அந்தச் சிற்றூர்களில் பலவற்றில் அதிகம் பேருக்குச் சோறு போடுவதே அரசுப் பள்ளிதான். சமையற்காரர், பேருந்து ஓட்டுநர், ஆசிரியர் எல்லோருக்கும் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஊரே கூடுவதும் அதன் விளையாட்டுத் திடலில்தான். அந்தப் பள்ளியை நினைத்து வாக்களித்துவிட்டார்கள், பாவம். வவுச்சருக்காக மன்றாடிய ஆளுநர் கிரெக் அபட்டின் முகத்தைப் பார்த்து வாக்களிக்கத் தெரியவில்லை. உங்களுக்கு அது சொல்லாமலே தெரிந்திருந்தது.

உங்கள் மனமும் விசாலமானது. வவுச்சருக்காக வரிந்துகட்டும் பென்சில்வேனியா செல்வந்தர் ஜெஃப் யாஸ், 2023 டிசம்பரில், உங்களில் பலருக்குத் துணைநின்ற அபட்டின் தேர்தல் நிதிக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். அயல் மாநிலத்துக்காரருக்கு நம்மூர்ப் பள்ளியில் என்ன வேலை என்று நீங்கள் முகம் சுளிக்கவில்லை.

வாக்காளர்மேல் நீங்கள் காட்டிய கரிசனத்தை என்னவென்று சொல்வது! சண்டை வவுச்சரைப் பற்றியது. ஆனால் வீடு தேடி வந்த அஞ்சல் அட்டைகளிலும் டிவி விளம்பரங்களிலும் மெக்சிகோ எல்லைதான் நிறைந்திருந்தது. பிள்ளைகளின் பள்ளிப் பணம் எங்கே போகும் என்ற கவலையை உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர்களிடம் ஏன் கொண்டுபோக வேண்டும்? எல்லைக் காவலுக்கு நிதி ஒதுக்கக் கட்சியோடு நின்று வாக்களித்தவர்களையே எல்லையைக் கைவிட்டவர்களாகக் காட்டியது லேசான திறமை அல்ல. பழைய உறுப்பினர் ட்ராவிஸ் கிளார்டி தோற்ற நாகடோச்சஸ் நகரிலிருந்து ரியோ கிராண்டே ஆறு 600 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடுகிறது. அவர் ஊர்ப் பள்ளிக்கூடங்களோ கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

சிக்கனத்திலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. பதிவுபெற்ற வாக்காளர்கள் ஏறக்குறைய 1.8 கோடி. மார்ச் 5 அன்று இரு கட்சி பிரைமரிகளுக்கும் சேர்த்து வந்தவர்கள் சுமார் 33 லட்சம். மே 28 இரண்டாம் சுற்று வாக்குப் பதிவுக்கு வந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. தொகுதி எல்லைகளை வரைந்திருக்கும் விதத்தில், பல இடங்களில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. ஒரு சிலரை வரவழைத்தே ஒரு தொகுதியைக் கைப்பற்றும் வித்தை உங்களுக்குக் கைவந்தது.

பதவியிலிருந்த 15 பேர் அந்த இரண்டு சுற்றுகளில் தோற்றார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டனைப் பதவிநீக்க விசாரணைக்கு உட்படுத்த வாக்களித்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்களும் அதில் உண்டு. அப்போதைய அவைத்தலைவர் டேட் ஃபீலன் 400-க்கும் குறைவான வாக்கில் தப்பினார்.

சொன்னதைச் செய்பவர்கள் உலகத்தில் உண்டு. அட்டையில் சொல்லாததையும் நீங்கள் செய்து முடித்தீர்கள். 2025 மே 3 அன்று அபட் கையெழுத்திட்ட சட்டத்தால், தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர் கிடைக்கும். தொடக்க ஒதுக்கீடு 100 கோடி டாலர்.

உங்களால் திருந்தியவர்களையும் சொல்ல வேண்டும். 2023-ல் கட்சியை மீறியவர்கள் 21 பேர். 2025-ல் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இருவர் மட்டுமே. ஒருவர் ஃபீலன். மற்றவர் கேரி வான்டீவர், அரசுப் பள்ளி நிர்வாகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர்.