ஆம்ஸ்டர்டாமில் ஒரு பிரதட்சணம்

ஐரோப்பாவுக்குத் திருவண்ணாமலைக்காரர்கள் ஒரு எதிர்மொய் பாக்கி வைத்திருக்கிறோம். ரமணாசிரமத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். நம்மைவிடச் சுத்தமாக வேட்டி கட்டி, நம்மைவிட நேராகச் சம்மணம் போட்டு எத்தனை வெள்ளைக்காரர்கள்! பதிலுக்கு நாம் அவர்கள் ஊருக்குப் போய் ஒரு கும்பிடாவது போட வேண்டாமா? மகள் ஆம்ஸ்டர்டாமில் வேலையாக இருந்தது வசதியாகப் போயிற்று.

“ரைக்ஸ்மியூசியம் ரொம்பப் பெரிசுப்பா, கால் வலிக்கும்” என்றாள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால், வலித்தது. கிரிவலத்தில் ஒரு லிங்கத்துக்கும் அடுத்த லிங்கத்துக்கும் நடுவே சுக்குக் காபி, சுண்டல், நாலு ஊர்க்கதை எல்லாம் உண்டு. இங்கே ஒரு ஓவியத்தை விட்டால் அடுத்த ஓவியம்தான். நடப்பதல்ல, நிற்பதுதான் கொல்கிறது.

1885-ல் இந்தக் கட்டடம் திறந்தபோது மன்னர் மூன்றாம் வில்லியம் உள்ளே கால் வைக்க மறுத்துவிட்டாராம். கட்டியவர் கைபர்ஸ் என்கிற கத்தோலிக்கர்; மன்னரோ புராட்டஸ்டண்ட். பார்த்தால் மடாலயம் மாதிரி இருக்கிறதென்று கோபம். மனுஷன் சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறார். நீண்ட மண்டபம்; இருபுறமும் சந்நிதி சந்நிதியாக அறைகள், ஒன்றில் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்; நேர் கோடியில் மூலவர். ரெம்பிராண்ட் 1642-ல் முடித்த ‘நைட் வாட்ச்’. பத்து வருஷம் திருப்பணி செய்து 2013-ல் திறந்தபோது மற்ற ஓவியங்கள் எல்லாம் இடம் மாறின. இவர் மட்டும் பழைய இடத்திலேயே எழுந்தருளினார். மூலவரை யார் நகர்த்துவது?

படத்தில் நிற்கிற ஊர்க்காவல் படையினர் காசு கொடுத்துத் தங்களை வரையச் சொன்னவர்கள். மேலே ஒரு கேடயத்தில் 18 பெயர்கள். பிற்பாடு எழுதிச் சேர்த்தவை. டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைக்கிற நம் ஆட்களை இனி நான் குறை சொல்வதாக இல்லை.

1715-ல் நகர மண்டபத்துச் சுவரில் மாட்டப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கதவுகளுக்கு நடுவே படம் கொள்ளவில்லை. என்ன செய்தார்கள்? கதவைத் தொடவில்லை, படத்தை நாலு பக்கமும் நறுக்கிவிட்டார்கள்! இடது ஓரத்தில் நின்றவர்கள் அம்போ. மகள் இதைச் சொன்னதும் என் மனைவிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. “கல்தூணுக்கு பெயின்ட் அடிக்கிறவங்க இங்கேயும் இருந்திருக்காங்க!”

உலகப் போரில் இதே படத்தைப் பாயைப் போலச் சுருட்டி மாஸ்டிரிக்ட் அருகே குகையில் ஒளித்து வைத்தார்களாம். படையெடுப்புக்குப் பயந்து நம்மவர்கள் உற்சவரை மண்ணில் புதைத்தார்களே, அதே பயம்.

ஆசியக் கலைக்கூடம் தனிக் கட்டடம். சுற்றிலும் தண்ணீர், நீராழி மண்டபமேதான். உள்ளே நடராஜர். ஏறக்குறைய 1100-ஆம் ஆண்டு, சோழர் காலம், 153 சென்டிமீட்டர் உயரம், 300 கிலோ. ஒரு கலைச் சங்கம் 1935-ல் வாங்கியது. மாலை இல்லை, வஸ்திரம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. “ஒரு முழம் பூகூட இல்லாம நிக்கிறாரே” என்று மனைவி கலங்கினாள்.

சில வருஷங்களுக்கு முன் இவரை லாரியோடு ராட்டர்டாம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், சுங்கத்துறை கன்டெய்னர்களைச் சோதிக்கிற எக்ஸ்ரேயில் விட்டிருக்கிறார்கள். திருவாசி வரைக்கும் கெட்டி வார்ப்பு, உள்ளே துளி பொள்ளல் இல்லை என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதி யாரையாவது கேட்டிருந்தால் டீசல் செலவு மிச்சம். எங்கள் பையிலிருந்த மாவடுவுக்கே விமான நிலையத்தில் அத்தனை விசாரணை. ஈசனை மட்டும் சும்மா விடுவார்களா?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் ஊரில் நடராஜர் என்றால் அலங்காரத்துக்கு வெளியே முகமும் தூக்கிய திருவடியும்தான் தெரியும். அதையும் பார்த்து முடிப்பதற்குள் “நகருங்க, நகருங்க”. இங்கே முதுகுப் பக்கம்கூடப் போகலாம். இடுப்பு வளைவையும், ஊன்றிய காலில் இறங்குகிற பாரத்தையும் நிதானமாகப் பார்த்தேன். யாரும் தள்ளவில்லை.

நான் ரசித்துக்கொண்டிருக்க, மனைவி சுற்றத் தொடங்கிவிட்டாள். செருப்பை எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. பின்னாலேயே ஒரு சுற்றுலாக் குடும்பம் வரிசையாக வந்தது. அதுதான் இங்கே விதி என்று நினைத்திருப்பார்கள். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. எதிர்த்திசையில் வந்த ஒரு தாடிக்காரரை மட்டும் என் மனைவி தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள்.