ஐம்பத்தோராவது மீட்டரிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்:
அண்ணாச்சி,
பெட்டிக்கடை (பதிவு பெற்றது),
பள்ளிக்கூடத் தெரு, 51-வது மீட்டர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் காக்கத் தாங்கள் எடுத்த நடவடிக்கையால் என் வியாபாரம் பெருகியமைக்கு நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.

ஐயா,

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் தாங்கள் விதி வகுத்தீர்கள். 2021 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பேப்பரில் படித்த கையோடு கொத்தனாரிடம் டேப் இரவல் வாங்கி அளந்தேன். அப்போது என் கடை 50-க்கு உள்ளே இருந்தது. அடுத்த வாரமே சைக்கிள் கடைக்காரரிடம் பேசி இடத்தை மாற்றிக்கொண்டேன். அவருக்குச் சிக்கல் இல்லை. அவர் விற்கிற டியூப்பில் சர்க்கரை கிடையாது.

இப்போது 51-வது மீட்டரில் இருக்கிறேன். இங்கே வந்த பிறகுதான் தங்கள் தொலைநோக்கு எனக்கு விளங்கியது. முன்பு நாங்கள் ஐந்து கடைக்காரர்களும் தெரு நெடுகச் சிதறிக் கிடந்தோம். தாங்கள் ஒரு கோடு போட்டதும் எல்லோரும் அந்தக் கோட்டில் வந்து நின்றுவிட்டோம். பிள்ளைகளுக்கும் அலைச்சல் மிச்சம். இடைவேளை மணி அடித்ததும் ஒரே ஓட்டம், ஒரே இடம், எல்லாச் சரக்கும். ஓடி வருவதால் பசியும் நன்றாகக் கிளம்பிவிடுகிறது. 50 மீட்டருக்குள் விளம்பரமும் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அதையும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன். குளிர்பானக் கம்பெனி இனாமாகக் கொடுத்த பெரிய போர்டை 51-ல்தான் மாட்டியிருக்கிறேன். பள்ளி வாசலில் நின்றால் பளிச்சென்று தெரிகிறது. பிள்ளைகளின் கண்ணுக்கு மீட்டர் கணக்கு கிடையாதே!

சட்டத்தை மீறுபவன் நானில்லை. வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டி வாங்கிய தங்கள் பதிவுச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். புகையிலைக்கு 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. 100 கஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். ஆகவே யாராவது பீடி, சிகரெட் கேட்டால், "இன்னும் நாற்பத்தொரு மீட்டர் தள்ளிப் போங்க, இது பிள்ளைகள் நடமாடுகிற இடம்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டு, திரும்பி அந்தப் பிள்ளைகளுக்கு ஜவ்வு மிட்டாய் எடுத்துக் கொடுக்கிறேன்.

விதியை எல்லோரும் என்னைப் போலப் புரிந்துகொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசலை ஒட்டிய புளியமரத்தடியில் ஓர் ஆச்சி கூடை வைத்திருந்தது. கொய்யா, நெல்லிக்காய், வெள்ளரிப் பிஞ்சு, பருவம் வந்தால் பனங்கிழங்கு. தங்கள் விதியில் கொய்யாவுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் பள்ளியிலிருந்து ஒருவர் வந்து, "50 மீட்டருக்குள்ள எதையும் விக்கக் கூடாதாம், மேலிடத்து உத்தரவு" என்று கூடையைத் தூக்கச் சொல்லிவிட்டார். ஆச்சியிடம் சான்றிதழும் இல்லை, டேப்பும் இல்லை. எழுபது வயதில் 51-வது மீட்டருக்கு வந்து எங்கள் ஐந்து பேரோடு போட்டி போடவும் முடியவில்லை. இன்று அந்த 50 மீட்டரும் துப்புரவாக இருக்கிறது. வெட்டுப் பல்லுக்கு வேலை கொடுக்கிற பண்டம் ஒன்றுகூட அங்கே கிடையாது.

வெட்டுப் பல் என்றதும் வியக்க வேண்டாம். பல் பாடம் எனக்கு மனப்பாடம். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் என் கடை வாசலில் நின்றுதான் ஒப்பிப்பார்கள். வெட்டுப் பல் எட்டு, கடிப்பதற்கு. கோரைப் பல் நான்கு, கிழிப்பதற்கு. முன்கடைவாய்ப் பல் எட்டு, பின்கடைவாய்ப் பல் பன்னிரண்டு, அரைப்பதற்கு. ஆக மொத்தம் 32. இந்த வாய்பாட்டை வைத்துத்தான் நான் கடையையே அடுக்கியிருக்கிறேன். கோரைப் பல் இறைச்சியைக் கிழிக்க என்று வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். என் கடையில் அது ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் கிழிக்கிறது. அதனால் பாக்கெட் சரங்கள் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றன. கடைவாய்ப் பல்லின் மேலே பள்ளமும் மேடுமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால் நாக்கு துழாவியும் லேசில் வராத சரக்குகள் தனிப் பாட்டில்களில் உள்ளன: கமர்கட், எலந்தவடை, ஜவ்வு மிட்டாய். வெட்டுப் பல்லுக்கு மட்டும் என்னிடம் ஒன்றுமில்லை. அதற்குத்தான் ஆச்சி இருந்தது.

ஒரு நாள் ஒரு சங்கடம் நேர்ந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பல் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள், கடைக் கண்ணாடியில் வாயைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். இருபத்து நான்குதான் வந்தது. திரும்பவும் எண்ணினாள். அதே இருபத்து நான்கு. "அண்ணாச்சி, புக்குல 32 இருக்கு. என் வாயில எட்டு எங்க?" என்று கேட்டாள். நான் பெரிய மனிதன். தெரியாது என்று சொல்லலாமா? "நிறைய மிட்டாய் தின்னா முளைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு, வாழைப்பழம் வாங்க வரும் பல் டாக்டரிடம் விசாரித்தேன். அவள் எண்ணியது சரிதானாம். பால் பற்கள் மொத்தமே 20. அதில் முன்கடைவாய்ப் பல் என்ற இனமே கிடையாது. ஒன்பது வயதில் முன்னால் எட்டும் விழுந்து முளைத்திருக்கும். கோரையும் கடைவாயும் பெரும்பாலும் இன்னும் பால் பற்கள்தான். இவற்றுக்கெல்லாம் பின்னால், ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே புதிதாக நான்கு முளைத்திருக்கும். அந்த நான்கோடு சேர்த்துத்தான் 24. பன்னிரண்டு வயது வாக்கில் இன்னும் நான்கு வரும். கடைசி நான்கு பதினேழுக்கு மேல் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

டாக்டர் அந்த ஆறு வயதுப் பல்லைப் பற்றித்தான் புலம்புகிறார். எதுவும் விழாமல் சத்தமின்றி முளைப்பதால் வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. சொத்தை விழுந்தாலும், "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்" என்று அம்மாக்கள் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் முளைக்காது. ஆயுசுக்கும் அது ஒன்றுதான். விழுகிற பல்லைச் சாணி உருண்டையில் பொதிந்து கூரையில் வீசுகிற ஊர் இது. விழக் கூடாத பல்லுக்கு இங்கே சடங்கும் இல்லை, பாடமும் இல்லை. பாடப் புத்தகம் தங்கள் பொறுப்பில் இல்லை என்பது தெரியும். யாருடைய பொறுப்பானாலும் இப்படியே இருக்கட்டும். பெரியவர்களின் வாயை வைத்துச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்துவதுதான் எனக்கு வசதி.

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் இதைவிட ஆபத்தானது. வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லைக் கெடுப்பது எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை சர்க்கரை என்பதுதானாம். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம்கூட ஆகும். ஸ்டீபன் என்ற ஆராய்ச்சியாளர் 1940-களிலேயே குளுக்கோஸ் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்து இதை அளந்துவிட்டார். கணக்கு போட்டுப் பார்த்தேன். நான்கு மிட்டாயையும் ஒரேயடியாகத் தின்றுவிட்டு வாய் கொப்பளிப்பவனால் யாருக்கும் பெரிய லாபமில்லை. காலை இடைவேளைக்கு ஒன்று, மதியம் ஒன்று, மாலை இடைவேளைக்கு ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று என்று வருகிறானே, அவன்தான் எனக்கும் வாடிக்கை, டாக்டருக்கும் வாடிக்கை. பள்ளியில் மணி அடிப்பதே எங்கள் இருவருக்காகத்தான் போலிருக்கிறது. நல்ல வேளையாகப் பிள்ளைகள் ஒப்பிப்பது, "இனிப்பு அதிகம் உண்ணக் கூடாது" என்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு மிட்டாய் எப்படி அதிகமாகும்?

ஸ்வீடன் நாட்டில் இந்த ரகசியம் வெளியாகிவிட்டது. விப்பெஹோல்ம் என்ற, அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான விடுதியில், 1945-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், தங்கள் சம்மதத்தைச் சொல்லக்கூட முடியாதவர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபியைக் கொடுத்துச் சொத்தை விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தது. சாப்பாட்டோடு கொடுத்ததைவிட இடையிடையே தின்னக் கொடுத்த ஒட்டும் டாஃபி பல்லை அதிகம் தின்றது. இது ஒரு பாவப்பட்ட ஆராய்ச்சி. இதைக் கேட்டால் மிட்டாய்க்காரனான எனக்கே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அதைப் படித்துவிட்டு அந்த நாட்டுக்காரர்கள் செய்த காரியம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்று வழக்கமாக்கிவிட்டார்கள். ஐயா, இங்கே பெரும்பாலான சனிக்கிழமை பள்ளி லீவு! தூரத்தை வைத்துச் சட்டம் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிட வேண்டாம். கிழமையை வைத்து யோசிக்கத் தொடங்கிவிட்டால் நான் திரும்பவும் சைக்கிள் கடைக்கே போக வேண்டும், பஞ்சர் ஒட்ட.

தங்கள் விதியில் எனக்கு மிகவும் பிடித்தது 'விற்பனை' என்ற சொல். விற்கத்தானே கூடாது? பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போட்டு வரும் பிள்ளை வகுப்பு முழுவதற்கும் ஆளுக்கொன்று, டீச்சருக்கு மட்டும் இரண்டு என்று சாக்லேட் கொடுக்கிறதே, அது அன்பளிப்பு. வாசலிலிருந்து சுழியம் மீட்டர்கூட அல்ல, கரும்பலகைக்குப் பக்கத்தில். நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் வருஷத்துக்கு நாற்பது பிறந்தநாள். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய், குடியரசு தினத்துக்கு அதே, குழந்தைகள் தினத்துக்குக் கொஞ்சம் உயர்ந்த ரகம். போன வருஷம் 'பல் பாதுகாப்பு' ஓவியப் போட்டியில் பிரஷ்ஷும் பேஸ்டும் அழகாக வரைந்த பையனுக்கு முதல் பரிசு ஒரு பெட்டி சாக்லேட். எல்லாம் என் கடையில் வாங்கியதுதான். மொத்தமாக வாங்குவதால் பள்ளிக்குச் சலுகை உண்டு.

பாக்கெட்டின் முகப்பில் நட்சத்திரம் போடலாம் என்று 2022-ல் தாங்கள் வெளியிட்ட வரைவையும் கேள்விப்பட்டேன். அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை. எவ்வளவு கருணை! எவ்வளவு மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் நிச்சயம். வீட்டுப்பாட நோட்டில் டீச்சர் போடும் நட்சத்திரத்துக்கு ஏங்கும் பிள்ளைகள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரை குத்துகிறார்கள்; பிள்ளைகளை இழுக்கும் பொம்மைப் படத்தையும் எடுத்துவிட்டார்களாம். அபசகுனம். அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொல்லி 2025-ல் சுற்றறிக்கை வந்தது. எங்கள் பள்ளி மாநிலப் பாடத்திட்டம் என்பதால் பிழைத்தேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தபோதும் சற்று ஆடிப்போனேன். பிறகுதான் புரிந்தது, குற்றவாளி ரோஸ் நிறம் மட்டும்தான் என்று. இப்போது வெள்ளையாக விற்கிறது. சுத்தமான சர்க்கரை.

ஒரே ஒரு புகார் உண்டு. அதுவும் தங்கள் மீதல்ல. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. காலையில் வெறும் வயிற்றோடு வந்து என்னிடம் கிரீம் பன் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது உள்ளே கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறார்கள். மதியம் முட்டை வேறு. வயிறு நிறைந்த பிள்ளைக்கு மிட்டாய் விற்பது எவ்வளவு கடினம் என்று தில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நல்ல வேளையாக அந்தச் சாப்பாட்டில் கடித்துத் தின்கிற பழத்தைக் காணோம். யாராவது பதினொரு மணிக்கு ஒரு கொய்யா கொடுக்கலாம் என்று யோசனை சொன்னால், நிதி இல்லை என்று பதில் எழுதச் சொல்லுங்கள். புளியமரத்து ஆச்சி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஆர்டர் அதற்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு சந்தேகம். தூரத்தை 100 மீட்டராக உயர்த்தப் போவதாக இங்கே ஒரு பேச்சு அடிபடுகிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை. அளந்து பார்த்துவிட்டேன், 101-வது மீட்டரில் பல் டாக்டரின் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை ஒட்டிய அறை காலி. டாக்டருக்கும் சம்மதம், வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பொழுது போக வேண்டாமா என்கிறார். ஆனால் பள்ளிக்கு இரண்டு வாசல் உண்டு. பின்பக்கச் சுவர் இடிந்ததில் மூன்றாவதாக ஒன்றும் உருவாகியிருக்கிறது. பிள்ளைகள் அதிகம் வருவது அந்த வழியாகத்தான். டேப்பின் நுனியை எந்த வாசலில் பிடிப்பீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். அறைக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அண்ணாச்சி